வெளியிலிருந்து திறக்காத கதவு

எங்கள் வீட்டுக் கதவு வீட்டுக்குள் இருப்பவர்களிடம் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும். கூடத்தில் நின்று போனை அழுத்தினால் 'டக்' என்று திறக்கும். சமையலறையில் நின்று அழுத்தினாலும் திறக்கும். இன்டர்நெட் கம்பெனிக்காரன் வந்து நின்று அழுத்தினால் கேட்கவே வேண்டாம், புது மாப்பிள்ளை வந்ததுபோலப் பல்லைக் காட்டிக்கொண்டு திறக்கும். நான் வேலை செய்கிற இடத்திலிருந்து, பகல் பதினொரு மணிக்கு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அழுத்தினால் மட்டும் அசையாது. போனில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தை யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் என் கையில் கிடைக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

என் வீட்டுக்காரர் சாரம் கட்டுகிறவர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கியவர், எங்கள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்புக்கு மேலே பழைய ஆள்தான். வாயும் கையும் குறைவில்லாமல் வேலை செய்கின்றன. கால்கள்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இந்த வருஷத்துக்குள் நிற்கப் பழகிவிட்டால் நடந்துவிடுவார், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கால்கள் இரண்டும் என்னுடைய கால்களாகிவிட்டன.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோ பெண் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பாள். ஒல்லியான பெண்தான், ஆனால் இவரை ஒரு பிடியில் தூக்கி நிறுத்திவிடுவாள். இந்த இடம் கிடைத்ததே பெரிய பாடு. அவர்கள் விதி ஒன்று உண்டு: மூன்று நாள் வந்து மணி அடித்தும் கதவு திறக்காவிட்டால், பெயரை எடுத்துவிட்டு வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி நமக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பகலில் வீட்டில் அவர் மட்டும்தான். நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். பிசியோ பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கலாம் என்றால், நோயாளி வீட்டுச் சாவியை வாங்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. கதவைச் சாத்தாமல் விட்டுப் போகலாம் என்றால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை அப்படி விட்டுப் போனபோது, பார்சல் கொண்டுவந்தவன் நேராகக் கூடத்துக்குள் வந்து, பாதி உடுப்பில் படுத்திருந்த இவரைப் பார்த்துவிட்டான். அதிலிருந்து கதவு பூட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் என் கொழுந்தன் இந்தப் பூட்டை மாட்டினான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பான். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டு வீட்டு ரவுட்டரோடு பேசும். எங்கள் இன்டர்நெட் இணைப்புக்கு வெளியுலகம் கூப்பிட ஒரு முகவரி இருக்கிறதாம். நான் எங்கிருந்தாலும் போனில் அந்த முகவரியைத் திறந்து பச்சைப் பொத்தானை அழுத்தினால், ரவுட்டர் அதை வாங்கிப் பூட்டிடம் சொல்லும், பூட்டு திறக்கும். என் போனிலும் போட்டான், அவர் போனிலும் போட்டான். கொஞ்ச நாளில் அவர், "என் போன்ல அது வரமாட்டேங்குது, பழைய போன்தானே" என்றார். காலை மாத்திரை போட்டதும் கண் அசந்துவிடும், மணி அடித்தாலும் கேட்காது என்றும் சொன்னார். சரி, நானே திறந்துகொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். பல மாதம் ஒழுங்காக நடந்தது. மணி அடித்துவிட்டு அந்தப் பெண் எனக்குப் போன் செய்வாள், நான் துணி வைக்கும் அறைக்குள் ஒதுங்கி அழுத்துவேன், கதவு திறக்கும்.

போன செவ்வாய்க்கிழமைதான் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா, திறக்கலியே" என்றாள் அந்தப் பெண் போனில்.

"இதோ, இதோ அழுத்திட்டேன். தள்ளிப் பாரும்மா."

"தள்ளிட்டேன் அக்கா. பூட்டித்தான் இருக்கு."

அழுத்தினேன், அழுத்தினேன், விரல் நுனி சிவக்க அழுத்தினேன். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மாத்திரைத் தூக்கம். அந்தப் பெண் தன்னால் முடிந்தவரை காத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முதல் முறை ஆயிற்று. துணி அறையை விட்டு வெளியே வந்தால், கதவருகில் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "வேலை நேரத்துல போனா? இங்க என்ன வீடா நடத்துற?" என்றார். எல்லார் முன்னாலும் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அழுத்தினேன். 'டக்'. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"நல்லாத்தான திறக்குது?" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி. "நீ அவசரத்துல தப்பா அழுத்தியிருப்ப."

கம்பெனிக்குப் போன் செய்தேன். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு மறுபடி அதே பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்து, தேன் ஒழுகுகிற குரலில், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்றாள். உங்கள் பக்கம் சரியாக இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் பக்கம் எப்போது சரியாகும் என்று கேட்டேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஒருவன் வந்தான். சட்டைப்பையில் கம்பெனி பெயர், கையில் சின்னப் பெட்டி, நாற்பது வயது இருக்கும். வாசலில் நின்றபடியே கேட்ட முதல் கேள்வி, "வைஃபை பாஸ்வேர்ட் சொல்லுங்க மேடம்." சொன்னேன். கூடத்தின் நடுவில் நின்று, நான் காட்டிய பூட்டு முகவரியைத் தன் போனில் திறந்து அழுத்தினான். 'டக்'. "சரியாயிடுச்சு மேடம்" என்றான். எது சரியானது, எப்படிச் சரியானது என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டான். அவன் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டான், என் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. அன்றைக்கே அவனுக்கு 'சரியாயிடுச்சு' என்று பெயர் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வட்டம். மறுபடி, "அக்கா, திறக்கல." இரண்டாவது முறையும் போயிற்று. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நான் எழுதிக் கொடுக்கலேன்னா என் வேலை போயிடும்." அவளைத் திட்ட முடியவில்லை. திட்ட முடியாத ஆள்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அது நம்மையே தின்கிறது. அன்று இரண்டு விரிப்புகளைத் தீய்த்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா வந்தார். தீய்ந்த விரிப்பை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். அண்ணன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, தன் போனில் அழுத்தினான். எங்கள் வீட்டுக்கு வந்தாலே அவன் போன் எங்கள் வைஃபையில் தானாக ஒட்டிக்கொள்ளும். கதவு அழகாகத் திறந்தது.

"அண்ணி, பக்காவா வேலை செய்யுது. நீங்க பட்டனை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கிறீங்களோ?"

"இல்ல, பல்லால கடிக்கிறேன்."

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நிதானமா பண்ணுங்கன்னு சொன்னேன்."

"அதான் நானும் சொன்னேன்" என்றார் அவர். "இவளுக்கு எதுலயும் அவசரம்."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினேன். அழுதுவிடக் கூடாது என்றுதான் இறங்கினேன், வேறு எந்தத் திட்டமும் இல்லை. முனையில் இருக்கிற மருந்துக்கடை வாசலில் நின்று, ஆத்திரத்தில் அந்தப் பச்சையை ஒரு அழுத்து அழுத்தினேன். வட்டம். மறுபடி அழுத்தினேன். வட்டம். அழுத்திக்கொண்டே திரும்பி நடந்தேன். எங்கள் கட்டடத்தின் கேட் அருகே வந்ததும் போனின் நெற்றியில் வைஃபை குறி எட்டிப் பார்த்தது. அழுத்தினேன். மேலே எங்கள் வீட்டுக் கதவு 'டக்' என்றது படிக்கட்டு வழியாகக் கேட்டது. திரும்பி முனைக்கு ஓடினேன். வட்டம். கேட்டுக்கு வந்தேன். 'டக்'. மருந்துக்கடைக்காரர் கல்லாவில் இருந்து எழுந்து நின்று என்னை வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இத்தனை நாளும் எல்லா மேதாவிகளும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே வெளிக்கதவைச் சோதித்திருக்கிறார்கள்.

மேலே போய்ச் சொன்னேன். "கவரேஜ் பிரச்சினையா இருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வார விடுமுறை. கம்பெனிக்குப் போன் செய்து கரடியாய்க் கத்தியதில் மத்தியானத்துக்கு மேல் ஆள் வந்தான். பார்த்தால் அதே சரியாயிடுச்சு.

"வைஃபை பாஸ்வேர்ட் சொல்லுங்க மேடம்."

"மாத்திட்டேன். சொல்ல மாட்டேன்."

"பாஸ்வேர்ட் இல்லாம எப்படி மேடம் டெஸ்ட் பண்றது?"

"நான் எப்படி வேலை செய்யற இடத்துல இருந்து பண்றேனோ அப்படி. வாங்க வெளிய."

"மேடம், வெளிய எல்லாம் போய் டெஸ்ட் பண்ண எங்களுக்கு..."

அவன் பெட்டியைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தேன். பெட்டியின் பின்னாலேயே அவனும் வந்தான். அவன் பின்னால் நானும் வந்தேன். கதவு தன் பாட்டுக்குச் சாத்திக்கொண்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பதோ, என் போன் சமையலறை மேடையில் சார்ஜில் கிடக்கிறது என்பதோ, சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது என்பதோ அப்போது என் புத்தியில் இல்லை. கோபம் வந்தால் எனக்கு ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் தெரியும்.

மருந்துக்கடை வாசலில் அவனை நிறுத்தினேன். "இப்ப அழுத்துங்க."

அழுத்தினான். வட்டம். சிரித்தான். மறுபடி அழுத்தினான். போனை அணைத்துப் போட்டான். வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். வெயில் அவன் மண்டையில் இறங்கியது. சிரிப்பு போய்விட்டது.

"நட்சத்திரம் கேட்டீங்கள்ல" என்றேன். "பகல்லயே காட்டுறேன், பாருங்க."

வேறு வழியில்லாமல் தன் ஆபீசைக் கூப்பிட்டான். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்து, அவர் வேறொருவரிடம் கொடுத்து, கடைசியில் அங்கே இருந்த யாரோ ஒரு புண்ணியவான் சர்வ சாதாரணமாகச் சொன்னார். ஆமாம், போன வாரம் அந்தத் தெரு முழுவதையும் பொது முகவரிக்கு மாற்றினோம். முன்பு வீட்டுக்கு ஒன்றாக இருந்ததை எடுத்துவிட்டு, பல வீட்டுக்கும் சேர்த்து ஒன்று. உள்ளே இருந்து கூப்பிட்டால் ரவுட்டர், இது நம் வீடுதானே என்று அங்கேயே திருப்பிவிட்டுவிடும். வெளியிலிருந்து கூப்பிட்டால் எந்த வீடு என்று தெரியாமல் கம்பெனி வாசலிலேயே நின்றுவிடும். பழையபடி தனி முகவரி வேண்டுமென்றால் கேட்டால் தருவோம், யாரும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தி வீட்டு வாசலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அவள் வந்து கேட்கவில்லை என்கிறார்கள். போனைப் பிடுங்கி அந்தப் புண்ணியவானிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மருந்துக்கடைக்காரர் கடைக்குள் போய்விட்டார். நாளைக் காலைக்குள் எங்கள் வீட்டுக்குத் தனி முகவரி வந்துவிடும் என்று எழுத்தில் செய்தி வரும்வரை நான் விடவில்லை.

பொய் சொல்வானேன், திரும்பி வரும்போது நடையில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. நான் தப்பாக அழுத்தவில்லை. என் விரலில் கோளாறு இல்லை. இதை அண்ணன் தம்பி இருவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே படியேறினேன்.

மேல்படியில் கால் வைக்கும்போது தீய்ந்த வாடை வந்தது.

பால். அடுப்பு. கதவைத் தள்ளினேன், பூட்டியிருந்தது. போன் உள்ளே. சாவி உள்ளே. "உங்க போன், உங்க போன்ல அழுத்துங்க!" என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் அழுத்தினான். வட்டம் சுற்றியது. "பாஸ்வேர்டைச் சொல்லுங்க மேடம்!" என்றான். காலையில் அவசரமாக வைத்து, பூட்டிலும் எங்கள் இரண்டு போனிலும் ஏற்றிவிட்ட புது பாஸ்வேர்ட் பதற்றத்தில் எனக்கே மறந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தால்? கேஸ் கசிந்தால்? கட்டிலை விட்டு இறங்க முடியாத மனிதர் உள்ளே படுத்திருக்கிறார். இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன்.

"என்னங்க! அடுப்பு! என்னங்க, கேக்குதா?"

'டக்'.

கதவு திறந்தது.

"பாத்தீங்களா!" என்று சரியாயிடுச்சு துள்ளினான். "ஆபீஸ்ல அதுக்குள்ள மாத்திட்டாங்க மேடம். சரியாயிடுச்சு!"

நான் சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தேன். பாத்திரம் கரியாகியிருந்தது. ஜன்னலைத் திறந்தேன். மேடையில் என் போன் சார்ஜில் கிடந்தது, யாரும் தொடாமல். கூடத்துக்கு வந்தேன்.

"நீங்களா அழுத்துனீங்க?" என்று அவனைக் கேட்டேன்.

"இல்லியே மேடம். என்னுது சுத்திட்டுத்தான் இருந்துச்சு."

கட்டிலில் அவர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்திருந்தார். வலது கையில் அவருடைய பழைய போன். அதில் அந்தப் பச்சைப் பொத்தான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நடுவில் நின்றுகொண்டு சரியாயிடுச்சு நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்க கிளம்புங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் போய்விட்டான்.

"வரலேன்னீங்க, உங்க போன்ல."

அவர் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"மாத்திரை போட்டா தூங்கிடுவேன்னீங்க."

"தூக்கம் வரும்..."

"செவ்வாய்க்கிழமை தூங்குனீங்களா? வெள்ளிக்கிழமை தூங்குனீங்களா? அந்தப் பொண்ணு மணி அடிச்சது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றேன். "நான் அங்க போனைப் புடிச்சுக்கிட்டு உயிரு போற மாதிரி அழுத்திக்கிட்டு இருக்கேன். நீ இங்க படுத்துக்கிட்டு மணி அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருந்தியா? கம்பெனிக்காரன் சிரிச்சான், உன் தம்பி சிரிச்சான், மேற்பார்வையாளர் நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்கிச்சு. எல்லாம் போகட்டும். 'நீ தப்பா அழுத்தியிருப்ப'ன்னு நீ சொன்னியே! தெரிஞ்சே சொன்னியே!"

அதுதான் என்னைச் சுட்டது. கதவு கெட்டது இவரால் இல்லை. ஆனால் கெட்டுப்போன கதவுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டு, என்னை எனக்கே சந்தேகப்பட வைத்துவிட்டார். மூன்றாவது முறையும் போய் அந்த இடம் கையை விட்டுப் போயிருந்தால், வாழ்நாளெல்லாம் என் விரலைத்தான் நான் சபித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பூட்டு மாட்டுன புதுசுல ஒரு நாள் அந்தப் பொண்ணு புடிச்சு நிறுத்துச்சு. நிக்கும்போதே... ஒண்ணுக்குப் போயிட்டேன். எனக்குத் தெரியவே இல்ல. அந்தப் பொண்ணு கால் மேலயும் பட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லல. துண்டு எடுத்துத் துடைச்சுச்சு. என் வயசுல பாதிகூட இருக்காது."

எனக்குக் கோபம் இறங்கவில்லை. சொல்லப்போனால் இன்னும் ஏறியது.

"நான் தினம் துடைக்கலியா?"

"நீ வேற."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா திட்டுவ."

"ஆமா, திட்டுவேன். திட்டிட்டு, ஒரு துண்டைக் கீழ விரிச்சு வைன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான விஷயம்? அதுக்காக ரெண்டு காலையும் வேண்டாம்னு விடுவியா?" பாத்திரத்தின் கரியைச் சுரண்டப் போனவள் பாதியில் திரும்பி வந்தேன். "நல்லாக் கேட்டுக்குங்க. நாளைக்குக் கதவு வெளியிலிருந்தும் திறக்கும். ஆனா நான் அழுத்த மாட்டேன். திறக்கிறதும் திறக்காததும் உங்க கையில. உங்க கைக்கு ஒரு கோளாறும் இல்லேன்னு இன்னிக்குப் பாத்துட்டேன்."

படுக்கப்போகும் முன், துவைத்த துண்டு ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட எறிந்தேன் என்பதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒருமுறை சோதித்தேன். வட்டம் வரவேயில்லை. தொட்டதும் 'திறந்தது' என்று காட்டியது. மறுபடி பூட்டினேன். அந்தச் சத்தம் கட்டிலில் இருந்த அவருக்கும் கேட்டிருக்கும். இனி நான் நினைத்தால் திறக்கலாம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

பதினொரு மணிக்குத் துணி அறையில் என் போன் அடித்தது.

"அக்கா, வந்துட்டேன். மணி அடிச்சேன். திறக்கல."

"இன்னொரு தடவை அடிம்மா."

அடித்தாள். போன் வழியாக எனக்கும் கேட்டது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். பச்சைப் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழே தயாராக இருந்தது. இப்போது அழுத்தினால் திறக்கும், சந்தேகமே இல்லை. அவள் உள்ளே போவாள், மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி நிறுத்துவாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்வார், வெள்ளிக்கிழமை மறுபடி நான் அழுத்துவேன். அழுத்தாவிட்டால் இன்றோடு போயிற்று. எந்தப் பக்கம் போனாலும் பழி என் விரலுக்குத்தான் என்று இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இருக்கீங்களா? இன்னிக்கும் இல்லேன்னா நான் எழுதியாகணும்."

"இரு. கொஞ்சம் நில்லு."

மேற்பார்வையாளர் அம்மா உள்ளே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, மடித்த விரிப்புகளின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கையை வெளியே விட்டால் அது என் பேச்சைக் கேட்காது என்று எனக்குத் தெரியும். போனில் படிக்கட்டுச் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் யாரோ இருமினார்கள். அந்தப் பெண் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பேனாவை எடுத்துவிட்டாளா, கிளம்பிவிட்டாளா என்று தெரியவில்லை. திறடா, திறந்து தொலைடா என்று வாய்க்குள்ளேயே கத்தினேன்.

'டக்'.

"திறந்துடுச்சு அக்கா! ரொம்பத் தேங்க்ஸ்!"

"எனக்கு எதுக்குத் தேங்க்ஸ்?" என்றேன். "நான் திறக்கல."

அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி, கரகரத்துக்கொண்டு, அவர் குரல்.

"வாம்மா. முதல்ல அந்தத் துண்டை எடுத்துக் கீழ விரிச்சிரு. அன்னிக்கு ஆன மாதிரி ஆனாலும் ஆகும்."

மேற்பார்வையாளர் அம்மா ஒரு தலையணை உறையை எடுத்து என் கையில் கொடுத்தார், முகத்தைத் துடைத்துக்கொள்ள. துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்த மனிதரை இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடப்போவதில்லை.